திசைகாட்டி இல்லாமல் 4,000 கி.மீ.!

உங்கள் பள்ளியில் உலக உருண்டை இருந்தால், அதை ஒரு முறை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் வந்ததும் கிட்டத்தட்ட முழுவதும் நீலமாகத் தெரியும். அதுதான் பசிபிக் பெருங்கடல். பூமியின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு கடல்தான்!

அந்த நீலத்தில் கடுகு தெளித்தது போல் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றனவா? அவை தீவுகள். வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு. இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு பெரிய முக்கோணம் கிடைக்கும். அதற்குப் பெயர் பாலினேசியா. அதற்குள் ஆயிரத்துக்கும் அதிகமான தீவுகள் உள்ளன.

ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஆச்சரியப்பட்டு நின்றன. ஏன் தெரியுமா? மனிதர் வாழக்கூடிய தீவுகளில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே மக்கள் குடியிருந்தார்கள்! அவர்களிடம் இரும்பு இல்லை. காந்த ஊசி இல்லை. வரைபடம் இல்லை. பிறகு எப்படி இத்தனை தூரம் வந்தார்கள்?

ஆணி இல்லாத படகு

இவர்களுடைய முன்னோர்கள் தென்கிழக்கு ஆசியப் பகுதியிலிருந்து தீவு தீவாகக் கிழக்கே நகர்ந்தவர்கள். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே டோங்கா, சமோவா தீவுகளை எட்டிவிட்டார்கள். பிறகு நெடுங்காலம் அங்கேயே தங்கினார்கள். கி.பி. 1000-க்குப் பிறகு மறுபடியும் புறப்பட்டு, அடுத்த 300 ஆண்டுகளுக்குள் ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து வரை பரவினார்கள். நம் ராஜேந்திர சோழனின் கடற்படை கி.பி. 1025-ல் கடாரம் சென்றது அல்லவா? ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் இவர்களும் பசிபிக் கடலைத் தாண்டிக் கொண்டிருந்தார்கள். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்தது 1492-ல். அதற்குள் இவர்கள் வேலையை முடித்தே விட்டார்கள்!

மொழியே இதற்குச் சாட்சி. மலேசியாவில் மலாய் மொழியில் ஐந்து என்பதற்கு 'லிமா' என்பார்கள். ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி இருக்கும் சமோவாவிலும் ஐந்து 'லிமா'தான். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 'ரிமா' என்கிறார்கள்.

அவர்கள் பயணம் செய்தது இரட்டைப் படகில். இரண்டு நீண்ட படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குறுக்கே மரங்களை வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுகக் கட்டிவிடுவார்கள். நடுவில் பலகைத் தளம். கல்லால் ஆன வாய்ச்சியால் மரம் செதுக்குவார்கள். ஈரப்பலா மரத்தின் பாலைக் கொண்டு இடுக்குகளை அடைப்பார்கள். தாழை இலையைப் பாய் போலப் பின்னிக் காற்றுப்பாய் செய்வார்கள். ஒரு ஆணி கூடக் கிடையாது. கயிற்றுக் கட்டு அலைக்கு ஏற்றபடி சிறிது நெகிழ்ந்து கொடுப்பதால், பெரிய அலையிலும் படகு எளிதில் உடையாது.

இரட்டைப் படகை இன்று உலகம் முழுவதும் 'கேட்டமரான்' என்று அழைக்கிறார்கள். அது நம்முடைய 'கட்டுமரம்' என்ற சொல்லிலிருந்து போனது என்பது நமக்குப் பெருமை. ஆனால் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டும் நம் கட்டுமரம் வேறு, பாலினேசியரின் இரட்டைப் படகு வேறு. பெயர் மட்டும்தான் நம்முடையது.

புதிய தீவுக்குக் குடியேறப் போகும்போது ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும் ஏறுவார்கள். நாய், பன்றி, கோழி ஆகியவையும் உடன் வரும். சேம்பு, வாழை, ஈரப்பலாக் கன்றுகளை உப்புநீர் படாமல் பொதிந்து எடுத்துக் கொள்வார்கள். குடிநீரைச் சுரைக்குடுவைகளில் நிரப்புவார்கள். மழை பெய்தால் அதையும் பிடித்துக் கொள்வார்கள். கன்று பட்டுப்போனால் புதிய தீவில் பட்டினிதான். அதனால் குழந்தையைப் போலவே கன்றையும் காப்பாற்றினார்கள்.

வானமே வரைபடம்

சரி, வழி எப்படித் தெரியும்? ஒவ்வொரு நட்சத்திரமும் தொடுவானத்தில் எப்போதும் ஒரே இடத்தில்தான் உதிக்கும். ஒரே இடத்தில்தான் மறையும். படகை ஓட்டும் வழிகாட்டி, தான் போக வேண்டிய திசையில் உதிக்கும் நட்சத்திரத்தை நோக்கிப் படகைத் திருப்புவார். அது உயரே ஏறிவிட்டால், அதே இடத்தில் அடுத்து உதிக்கும் நட்சத்திரத்தைப் பிடித்துக் கொள்வார். இப்படி ஓர் இரவுக்குப் பல நட்சத்திரங்கள். எல்லாம் மனப்பாடம்!

எவ்வளவு தெற்கே வந்திருக்கிறோம் என்பதையும் நட்சத்திரமே சொல்லும். ஹவாய்த் தீவில் நின்றால் சுவாதி நட்சத்திரம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே கடந்து போகும். தாஹிட்டித் தீவில் சிரியஸ் நட்சத்திரம் அப்படிக் கடக்கும். ஒரு நட்சத்திரம் நேர் மேலே வந்தால், அதன் கீழுள்ள தீவின் வரிசைக்கு வந்துவிட்டோம் என்று பொருள்.

பகலில்? உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் உதவும். உச்சிவேளையிலும், மேகம் மூடிய இரவிலும் கடல் அலைதான் துணை. தொலைதூரக் காற்றால் உருவாகும் பேரலைகள் நாள்கணக்கில் ஒரே திசையில் வந்து கொண்டிருக்கும். வழிகாட்டி படகில் படுத்துக் கொண்டு, உடம்பில் உணரும் ஆட்டத்தை வைத்தே திசை சொல்லிவிடுவார்.

தீவு நெருங்கினால் பறவைகள் காட்டிக் கொடுக்கும். வெள்ளை ஆலா என்னும் பறவை காலையில் கடலுக்குப் பறந்து மீன் பிடித்து, மாலையில் கரை திரும்பும். அது மாலையில் போகும் திசையில் தரை இருக்கும். தரையே தெரியாத தொலைவிலும் இது உதவும்.

வழிகாட்டிக்குத் தூக்கம் மிகவும் குறைவு. புறப்பட்டதிலிருந்து எத்தனை வேகம், எத்தனை தூரம், எந்தப் பக்கம் விலகினோம் என்ற கணக்கு முழுவதும் அவர் தலைக்குள்தான். தூங்கிவிட்டால் கணக்கு அறுந்துவிடும். கண் சிவந்திருப்பதை வைத்தே படகில் வழிகாட்டி யார் என்று கண்டுபிடிக்கலாம் என்பார்கள்.

குக் கண்ட அறிஞர்

1769-ல் ஆங்கிலேயக் கடற்பயணி ஜேம்ஸ் குக் தாஹிட்டிக்கு வந்தார். அங்கே டுபையா என்னும் பூசாரி அவருடைய கப்பலில் ஏறினார். அவர் சொன்ன விவரப்படி வரையப்பட்ட வரைபடத்தில் 74 தீவுகள் இருந்தன! நியூசிலாந்து போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்த மாவோரி மக்களோடு டுபையாவால் தன் மொழியிலேயே பேச முடிந்தது. ஆனால் அவர் ஊர் திரும்பவில்லை. 1770-ல், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவில் நோயால் இறந்தார்.

அதன்பின் ஐரோப்பியர் ஆட்சி வந்தது. நீண்ட பயணங்கள் நின்றன. பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைய, அவர்களோடு அந்த அறிவும் மறைந்தது. "இவர்கள் திட்டமிட்டு வந்தவர்கள் அல்ல, காற்றில் அடித்துக் கொண்டு வரப்பட்டவர்கள்" என்று சில அறிஞர்கள் எழுதவும் தொடங்கினார்கள். தன் முன்னோரைப் பற்றி இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வருத்தம் வராது?

மகிழ்ச்சி நட்சத்திரம்

ஹவாயில் சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வாதாடுவதை விட, செய்து காட்டிவிடுவோம்! பழைய வடிவத்தில் சுமார் 19 மீட்டர் நீளமுள்ள இரட்டைப் படகைக் கட்டி, 1975-ல் கடலில் இறக்கினார்கள். அதற்கு 'ஹோகுலேயா' என்று பெயர் வைத்தார்கள். மகிழ்ச்சி நட்சத்திரம் என்று பொருள். ஹவாய் மொழியில் சுவாதி நட்சத்திரத்தின் பெயர் அது. வடிவம் பழையது என்றாலும், ஒட்டுப்பலகை, கண்ணாடி இழை போன்ற இக்காலப் பொருள்களையும் அதில் பயன்படுத்தினார்கள்.

படகு தயார். ஓட்டத் தெரிந்தவர் எங்கே? ஹவாயில் ஒருவர் கூட மிச்சமில்லை!

தேடியபோது கிடைத்தவர் மாவ் பியாய்லுக். மைக்ரோனேசியாவில் உள்ள சதவால் என்ற மிகச் சிறிய தீவைச் சேர்ந்தவர். குழந்தையாக இருக்கும்போதே அவருடைய தாத்தா அவரைக் கடலோரக் குட்டைகளில் உட்கார வைத்து அலையின் அசைவைப் பழக்கினாராம். பாயின் மேல் கற்களை வட்டமாக அடுக்கி, நட்சத்திரம் உதிக்கும் இடங்களைப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த வித்தை வெளியாருக்குச் சொல்லக்கூடாத குடும்ப ரகசியம். ஆனால் சதவாலிலேயே இளைஞர்கள் கற்றுக்கொள்ள முன்வரவில்லை. தன்னோடு இது அழிந்துவிடுமோ என்ற கவலை மாவுக்கு. வழக்கத்தை மீறி, வேறு இன மக்களுக்கு உதவ முன்வந்தார்.

1976 மே 1-ம் தேதி ஹோகுலேயா புறப்பட்டது. மாவ் முன்பு போயிராத கடல் அது. தெற்கு வானத்தின் நட்சத்திரங்களைக் கோளரங்கத்தில் பார்த்துத் தெரிந்து கொண்டார். சுமார் 4,000 கி.மீ. பயணம். படகில் கருவி எதுவும் பயன்படுத்தவில்லை. நடுவே காற்றே இல்லாத பகுதி வந்தது. ஆட்களுக்குள் சண்டையும் மூண்டது. ஆனாலும் ஜூன் 4-ம் தேதி தாஹிட்டியில் போய் நின்றது படகு. கரையில் பல்லாயிரக்கணக்கான மக்கள் திரண்டிருந்தார்கள்!

சண்டையால் மனம் புண்பட்ட மாவ், திரும்பும் பயணத்தில் சேராமல் தன் ஊருக்கே போய்விட்டார்.

கடல் கொண்ட வீரர்

1978 மார்ச்சில், மாவ் இல்லாமலே ஹோகுலேயா மறுபடி தாஹிட்டிக்குக் கிளம்பியது. முதல் இரவே பலத்த காற்றில் கவிழ்ந்தது. எல்லோரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக் கொண்டு மிதந்தார்கள். அவர்களில் எடி ஐகாவ் என்ற 31 வயது இளைஞர், கடற்கரையில் உயிர்காக்கும் பணி செய்தவர். பல உயிர்களைக் காப்பாற்றியவர். "உதவி கொண்டு வருகிறேன்" என்று அலைச்சறுக்குப் பலகையில் ஏறிக் கிளம்பினார். மற்றவர்கள் அன்றிரவே மீட்கப்பட்டார்கள். எடி மட்டும் திரும்பவே இல்லை.

இத்தோடு போதும் என்று விட்டுவிடலாமா? நைனோவா தாம்சன் என்ற இளைஞர், 1979-ல் மாவைத் தேடிப் போய்க் கற்றுத்தரும்படி கேட்டார். இன்னோர் உயிர் போகக் கூடாது என்று மாவும் கோபத்தை மறந்து திரும்பி வந்தார்.

1980-ல் நைனோவாவே வழிகாட்டியாகித் தாஹிட்டிக்குப் படகை ஓட்டினார். மாவ் கூடவே இருந்தும் வாயைத் திறக்கவில்லை. மாணவனே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு நாள் காலையில் ஒரு வெள்ளை ஆலா பறந்தது. காலையில் பறவை கடலை நோக்கித்தானே போகும்? எனவே தரை எதிர்த்திசையில் இருக்கும் என்று படகைத் திருப்பினார் நைனோவா. அப்போதுதான் மாவ் குறுக்கிட்டார். பறவை போகும் பக்கமே போகச் சொன்னார். சிறிது நேரத்தில் தீவு தெரிந்தது! அது குஞ்சு பொரிக்கும் காலம். பறவையின் அலகில் மீன் இருந்ததை மாவ் கவனித்திருந்தார். குஞ்சுக்கு இரை கொண்டு போகும் பறவை, காலையிலும் கரைக்குத்தானே போகும்?

2007-ல் ஹவாய் மக்கள் ஒரு புதிய படகைக் கட்டி, சதவால் வரை ஓட்டிச் சென்று மாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அதன் பெயர் 'அலிங்கானோ மைசு'. காற்றில் தானாக உதிர்ந்த ஈரப்பலாவுக்கு 'மைசு' என்று பெயர். மரத்துக்காரர் யாராக இருந்தாலும், உதிர்ந்த பழத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம். எல்லோருக்கும் கிடைக்கும்படி அறிவை உதிர்த்தவருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! மாவ் 2010-ல் காலமானார். அவரது மாணவர்களும் அவர்களுடைய மாணவர்களும் 2014 முதல் 2017 வரை ஹோகுலேயாவில் உலகையே சுற்றி வந்தார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்!

* டிசம்பர் மாத முன்னிரவில் கிழக்கே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிப்பவை அவை. மொட்டை மாடியில் ஒரே இடத்தில் நின்று, அவை எந்த மரத்துக்கோ கட்டடத்துக்கோ மேலே எழுகின்றன என்று குறித்துக் கொள்ளுங்கள். தினமும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். ஆனால் இடம் மாறாது!

* கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. துருவ நட்சத்திரம் சென்னையில் தொடுவானத்துக்கு மேலே சுமார் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி, ஹவாயில் சுமார் 20 டிகிரி உயரத்தில் தெரியும். உங்கள் ஊரில் எத்தனை முஷ்டி?

* கடலோர ஊரில் இருக்கும் பிள்ளைகளே! உங்கள் ஊர் மீனவத் தாத்தாவிடம் போய், இருட்டில் எப்படிக் கரை திரும்புவீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் காற்றின் பெயர்களையும் நட்சத்திரப் பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்கத் தாமதிக்க வேண்டாம்.