மயிரிழை – 9: சமையலுக்கா, தலைக்கா?

ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம், ஓயும் காலம், உதிரும் காலம் என்று மூன்று பருவம் உண்டு. இன்று சீப்போடு வரும் முடியின் தலைவிதி இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. போன வாரக் கதை அவ்வளவுதான். தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழ் இருந்தால் வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இரும்புச்சத்து, புரதம், முருங்கைக்கீரை, பயோட்டின் மாத்திரை என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. நடுவில் தேங்காய் எண்ணெயில் எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று தேடப்போனவன், ஒரு வரி வழக்கில் வழுக்கி விழுந்துவிட்டேன். எழுந்து வர மனசில்லை. ஆசிரியர் குழுவோ பக்கம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. முருங்கைக்கீரை ஒரு வாரம் காத்திருந்தால் வாடிவிடாது.

வழக்கு நம்ம சேலத்து வழக்கு. ஒரு பக்கம் சேலம் மத்திய கலால் ஆணையர். மறுபக்கம் சுத்தமான தேங்காய் எண்ணெயைச் சின்னச் சின்ன அளவில் அடைத்து அனுப்பும் மதன் அக்ரோ இண்டஸ்ட்ரீஸ் என்கிற நிறுவனம். கேள்வி ஒன்றே ஒன்று: சின்ன பாட்டிலில் வரும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா?

சிரிக்காதீர்கள். இதில் கோடிக்கணக்கான ரூபாய் தொங்கியது. சமையல் எண்ணெய் என்றால் வரி குறைவு; கேசத் தைலம் என்றால் அதிகம். ஜிஎஸ்டி வந்த பிறகு இந்த வித்தியாசம் பட்டவர்த்தனமானது: சமையலுக்கு 5 சதவீதம், தலைக்கு 18 சதவீதம். எண்ணெய் ஒன்றுதான், செக்கும் ஒன்றுதான். அது வாய்க்குள் போகிறதா, வகிட்டில் இறங்குகிறதா என்பதில்தான் 13 சதவீதம்.

அதிகாரிகளின் வாதம் இப்படி: லிட்டர் கணக்கில் வாங்குகிறவர் தாளிக்க வாங்குகிறார், கைக்கடக்கமான பாட்டிலை வாங்குகிறவர் தலைக்கு வைக்க வாங்குகிறார். 2009-இல் மத்திய கலால் வாரியம் இதைச் சுற்றறிக்கையாகவே போட்டது. 200 மில்லி வரைக்கும் உள்ள பாட்டில் என்றால் பெரும்பாலும் தலைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாமாம். 2015-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதற்கு முன்பே தீர்ப்பாயத்தில் நிறுவனங்கள் ஜெயித்திருந்தன. துறை உச்ச நீதிமன்றம் போயிருந்தது. அங்கே 2018-இல் இரண்டு நீதிபதிகள் கேட்டார்கள். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ரஞ்சன் கோகாய் சமையல் எண்ணெய் என்றார். தமிழ்நாட்டுக்காரரான ஆர். பானுமதி, சிறு அளவில் அடைத்தால் அது தலை எண்ணெய்தான் என்றார். அவரவர் வீட்டு வழக்கம் தீர்ப்பில் எட்டிப்பார்த்ததா என்று எனக்குள் ஒரு குறும்புக் கேள்வி. தீர்ப்பில் அதற்கு இடமில்லை, தெரியும்.

கடைசியில் மூன்று நீதிபதிகள் அமர்வு 2024 டிசம்பர் 18 அன்று முடித்து வைத்தது. தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, சஞ்சய் குமார், ஆர். மகாதேவன். சின்ன பாட்டில் என்பதாலேயே அது தலைக்கு என்று ஆகிவிடாது; சமையல் எண்ணெயையும் கொஞ்சமாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். லேபிளிலோ விளம்பரத்திலோ கேசத்துக்கு என்று போட்டு விற்றால்தான் கேசத் தைலம். இல்லையேல் சமையல் எண்ணெய்.

இனிமேல்தான் வேடிக்கை. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்களை மாற்றியபோது கேசத் தைலத்தையும் 5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டார்கள். இத்தனை வருஷம் இழுத்த சண்டைக்கு, தீர்ப்பு வந்த பத்தாம் மாதத்தில் அர்த்தமே இல்லாமல் போயிற்று.

இதையெல்லாம் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஒப்பித்தேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், வீட்டில் அவியல் முதல் அப்பளம் வரை தேங்காய் எண்ணெய்தான். “சார், எங்க ஊர்ல பாட்டிலை எடுத்தா அடுப்படிக்குப் போகும். இங்க எடுத்தா கண்ணாடி முன்னால போகும். கோர்ட்டு எதுக்கு? வாங்குறவர் தலையைப் பார்த்தா நான் சொல்லிட மாட்டேனா?” என்றார். என் தலையைப் பார்த்துவிட்டு, “நீங்க சமையலுக்கே வச்சுக்கோங்க” என்றும் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீதிமன்றம் பார்த்தது வரியை. நாம் பார்க்க வேண்டியது, தலையில் வைத்த எண்ணெய் அங்கே என்ன செய்கிறது என்பதை.

2001-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் இதைச் சோதித்தார்கள். அது துணி இழைகளை ஆராய்வதற்கென்று ஏற்பட்ட நிறுவனம். கூந்தலும் அவர்களுக்கு ஓர் இழைதான். தேங்காய் எண்ணெய் முடித்தண்டின் உள்ளே ஊடுருவுகிறது, கனிம எண்ணெய் வெளியிலேயே நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். 2003-இல் ஆர்த்தி ரெலே, ஆர். பி. மொஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவி, அலசி, சீவி, எவ்வளவு புரதம் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். குளிப்பதற்கு முன்னால் தடவினாலும் சரி, பின்னால் தடவினாலும் சரி, இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும். காரணம் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். மூலக்கூறு சின்னது, வளைவில்லாமல் நேராக இருப்பது. அதனால் உள்ளே நுழைகிறது. சூரியகாந்தி எண்ணெயின் மூலக்கூறு பெரியது, கோணல் கொண்டது, வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இந்த இருவரும் வேலை பார்த்தது மாரிகோவில். நீல பாட்டில் பாரசூட் எண்ணெயின் அதே மாரிகோ. அதனால் ஆய்வு பொய் என்று ஆகாது. ஆனால் படிக்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தலை எண்ணெயாக அதன் பெருமையை ஆய்விதழில் நிரூபித்தபடியே, நீதிமன்றத்தில் அது சமையல் எண்ணெய் என்ற கட்சியின் பக்கம் நின்ற தொழிலை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது வாரமாக நான் பிடித்துக்கொண்டு தொங்கும் விஷயம் இங்கேதான் வருகிறது. உதிர்வது வேறு, உடைவது வேறு. எண்ணெய் வேலை செய்வது தோலுக்கு வெளியே வந்துவிட்ட தண்டில். அதற்கு உயிர் கிடையாது. ஈரம் பட்டால் ஊதி, காய்ந்தால் சுருங்கி, சீப்பில் மாட்டி, நடுவில் முறியும் பொருள் அது. எண்ணெய் உள்ளே இருந்தால் தண்ணீர் அதிகம் புகாது, ஊதல் குறையும், முறிவும் குறையும். தோலுக்குக் கீழே இருக்கும் வேருக்கு இதெல்லாம் எட்டாது. காய்ச்சலுக்குப் பிறகோ, பிரசவத்துக்குப் பிறகோ கொத்தாக வருவதையும், அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்த வழுக்கையையும் எந்த எண்ணெயும் நிறுத்தாது. நிறுத்தும் என்று எழுதிய பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு நேர்வது எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். சீப்பில் வந்த முடியை வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வேரோடு வந்தது, உதிர்வு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை இப்படிப் போவது இயல்பு. புள்ளியில்லாமல் குட்டையாக இருந்தால் உடைவு. உடைவுக்கு எண்ணெய் நிஜமாகவே உதவும்: தலைக்குக் குளிப்பதற்கு முன்பு, முடியின் நடுவிலிருந்து நுனி வரைக்கும் இரண்டு ஸ்பூன் தடவினால் போதும். ஈரத் தலையைச் சீவாதீர்கள். சிடுக்கை நுனியிலிருந்து மேல்நோக்கி எடுங்கள். நெற்றியை இழுக்கும்படி இறுக்கிப் பின்னுவதையும் விடுங்கள். வருஷக்கணக்கில் இறுக்கினால் முன்நெற்றியில் முடி போய்விடும், பிறகு வரவே வராமலும் போகலாம்.

பொடுகு உள்ளவர்களுக்கு எதிர்ப்பாட்டு பாடியாக வேண்டும். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்னும் ஈஸ்ட், தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ளத் தெரியாதது. நம் தலையில் உள்ளதைத் தின்று பிழைப்பது. ராத்திரி முழுக்க மண்டையில் எண்ணெயை ஊற வைத்தால் அதற்கு விருந்து. அரிப்பு அதிகமாகும். தோலில் படாமல் தண்டில் மட்டும் தடவுங்கள்.

விளக்கெண்ணெய் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். முடி வளர்க்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. 2017-இல் ஒரு மருத்துவ இதழில், தேங்காய் எண்ணெயோடு விளக்கெண்ணெய் கலந்து தேய்த்துக் குளித்த இளம்பெண்ணின் நீளக் கூந்தல் பிரிக்கவே முடியாதபடி கம்பளி மாதிரி திரண்டுபோனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள். அபூர்வம்தான். ஆனாலும் நீளக் கூந்தல்காரர்கள் யோசியுங்கள்.

சின்ன வெங்காயம் கதை சுவாரஸ்யமானது. புழுவெட்டு விழுந்த இடத்தில் வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பது நம் வீடுகளில் புதிதில்லை. 2002-இல் பாக்தாத் மருத்துவர்கள் இதைச் சோதனையாகவே நடத்தினார்கள். 23 பேருக்கு வெங்காயச் சாறு, 15 பேருக்கு வெறும் குழாய்த் தண்ணீர். ஆறு வாரத்தில் வெங்காயக்காரர்களில் 20 பேருக்கு முடி முளைத்தது. தண்ணீர்க்காரர்களில் எட்டு வாரம் ஆகியும் இரண்டே பேருக்கு. பிரமாதம் என்று குதிப்பதற்கு முன்னால்: சோதித்தது புழுவெட்டில், வழுக்கையில் அல்ல. ஆட்கள் குறைவு. போதாததற்குப் புழுவெட்டு பல பேருக்குத் தானாகவே சரியாகும். வெங்காய வாசனை தாங்குகிறவர் புழுவெட்டுக்கு முயன்று பார்க்கலாம், எரிந்தால் உடனே நிறுத்தலாம். உச்சந்தலை வழுக்கைக்குத் தேய்த்தால் சாம்பாருக்கு நஷ்டம்.

சீயக்காய், அரப்பு, செம்பருத்தி இலை மூன்றும் இந்த வாரமே வந்திருக்க வேண்டியவை. ஒரு வரி மட்டும்: உப்புத் தண்ணீர் ஊரில் சோப்புப் போட்டுத் தலை குளிப்பதைவிட இவை எவ்வளவோ மேல், சோப்பு அந்தத் தண்ணீரோடு சேர்ந்து முடியில் சுண்ணாம்புப் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். விவரம் பிறகு.

அடுத்த வாரம் நிச்சயமாகச் சாப்பாடு. வேறு வழக்கு எதுவும் குறுக்கே வராவிட்டால். அதுவரைக்கும், வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து வலித்தாலோ, மூன்று மாதத்துக்கு மேல் கொத்தாக வந்தாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். பயோட்டின் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஏற்கெனவே விழுங்குகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில பரிசோதனைகளின் முடிவை அது தவறாகக் காட்டவைக்கும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இலேயே எச்சரித்திருக்கிறது.