உச்சம் வந்து சேரும் இடம்

இசையமைப்பாளர் ராவெல் 1928-ல் எழுதிய 'பொலேரோ' ஸ்நேர் டிரம்மின் மெல்லிய தட்டலில் தொடங்கும். ஒரே மெட்டு, கருவி மாற்றிக் கருவி, கால் மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் முழங்கி முடியும். இசைத்தட்டு வெட்டுபவருக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. இசை உச்சியைத் தொடும் அந்த நேரத்தில் ஊசி தட்டின் மிக மோசமான இடத்துக்கு வந்திருக்கும்.

காரணம் எளிய கணக்குதான். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது, அது மாறுவதில்லை. ஆனால் வெளி விளிம்பில் ஒரு சுற்று சுமார் 92 செ.மீ. நீளம், லேபிளை ஒட்டி 38 செ.மீ.தான். ஊசிக்குக் கீழே நொடிக்கு 51 செ.மீ. ஓடிய பள்ளம், முடிவில் 21 செ.மீ.தான் ஓடுகிறது. அதே இசை பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். நொடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலியின் அலை விளிம்பில் 51 மைக்ரான் நீளம், உள்ளே 21 மைக்ரான். சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஆரமே சுமார் 18 மைக்ரான். அந்த வளைவுகளுக்குள் அதனால் முழுதாக இறங்க முடிவதில்லை. வயலின்கள் கரகரப்பது அங்கேதான். பக்கவாட்டில் மெலிந்த நீள்வட்ட முனை கொண்ட ஊசி இந்தக் குறையை வெகுவாகத் தணிக்கும்.

ஜெர்மனியின் டாசெட் நிறுவனம் ஒரு துணிச்சலான வழி கண்டது. 'பொலேரோ'வை லேபிள் பக்கம் தொடங்கி வெளி விளிம்பில் முடியும்படி வெட்டியது. உச்சத்துக்குத் தாராளமான இடம் கிடைத்துவிட்டது!

இசையமைப்பாளர் பாக்கின் கந்தாட்டாக்களுக்கு, அதாவது குரலும் கருவிகளும் சேர்ந்த படைப்புகளுக்கு, இந்த வித்தையே தேவைப்படாது. அவற்றில் பல, பெரிய கோரஸில் தொடங்கி, நான்கு குரல்கள் ஒன்றாகப் பாடும் எளிய கோரேலில் முடிகின்றன. இருபது நிமிடக் கந்தாட்டா ஒன்று தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கினால், ஆரவாரம் விசாலமான வெளிப்பள்ளத்திலும் அமைதி உள்ளேயும் விழுகிறது. பாக் இறந்தது 1750-ல், எல்.பி. வந்தது 1948-ல். இப்படி ஒரு பொருத்தம் அமைந்தது எனக்கு அலுக்காத வியப்பு. இசை நடத்துநர்கள் ஹார்னோன்கோர்ட்டும் லியோன்ஹார்ட்டும் 1971 முதல் 1989 வரை டெலிஃபுங்கனின் 'தாஸ் ஆல்டே வெர்க்' வரிசையில் பாக்கின் அத்தனை சமயக் கந்தாட்டாக்களையும் பழைய காலக் கருவிகளோடு பதிவு செய்தார்கள். எல்.பி. பெட்டிகளுக்குள் இசைக்குறிப்புப் புத்தகமும் இருக்கும். அதை மடியில் விரித்துக்கொண்டு கேட்பது தனி சுகம்.

பழைய தட்டு வாங்கப் போகிறீர்களா? வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய பகுதிகள் கறுத்து வழுவழுப்பாகவும், உரத்த பகுதிகள் வெளிறி மினுங்கியும் தெரியும். போட்டுக் கேட்கக் கடைக்காரர் அனுமதித்தால் ஊசியை முதலில் கடைசி மூன்று நிமிடத்தில் வையுங்கள். அங்கே தெளிவாக ஒலித்தால் தயங்காமல் வாங்குங்கள்.