ஐபிஏ கையில் வந்ததும் போட வேண்டிய கணக்கு

மூன்று லட்சம் ரூபாய், மூன்று வட்டி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் பக்கம் உட்கார்ந்து, ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிகளிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் காதில் விழுவது இப்படி ஒரு தொகையும் ஒரு வட்டியும்தான். சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. அப்படிப் பழக்கமான பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். "அண்ணே, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்கண்ணே." மடிப்பு ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. அது அவருடைய ஐபிஏ. தமிழிலேயே இருந்தது. ஏஜென்ட் அதை அவர் கையில் கொடுத்தது ஏர்போர்ட் வாசலில். படிக்க நேரம் எங்கே?

சிங்கப்பூர் மனிதவள அமைச்சு ஒர்க் பெர்மிட்டுக்குத் தரும் முன் அனுமதிக் கடிதம்தான் ஐபிஏ. தொழிலாளி ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, அவர் தாய்மொழியில் இது அவருக்குப் போய்ச் சேர வேண்டும்; அது முதலாளியின் பொறுப்பு. கம்பெனி பெயர், என்ன வேலை, பேசிக் எவ்வளவு, படி எவ்வளவு, மாதாமாதம் எதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். அதில் போட்ட சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால், தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அமைச்சுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வாயால் சொன்ன சம்பளத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. "ஓடி எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல வரும் தம்பி" என்று ஏஜென்ட் சொல்வார். ஓடி, அதாவது ஓவர்டைம், இருந்தால் வரும். சைட்டில் வேலை குறைந்தால் வராது. கணக்கை பேசிக்கை வைத்துப் போடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு நாளைக்கு 22 வெள்ளி, 26 நாள்: மாத பேசிக் 572 வெள்ளி. (இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம்.) வாரத்துக்கு 44 மணி நேரம் சாதாரண வேலை. மாதச் சம்பளத்துக்குச் சட்டம் சொல்லும் வாய்ப்பாட்டின்படி, 572ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரம், 44 மணி என்று வகுத்தால் மணிக்குச் சரியாக 3 வெள்ளி. ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்கு, 4 வெள்ளி 50 காசு. ஓடி மாதத்துக்கு 72 மணி நேரம்தான் உச்சவரம்பு. அத்தனையும் கிடைத்தால் 324 வெள்ளி கூடும்; மொத்தம் 896.

இப்போது கடன் பக்கம் வாருங்கள். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். மூன்று லட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய். வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 138 வெள்ளி. ஆறு நாளுக்கு மேலான உழைப்பு முழுக்க வட்டிக்கே போகிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கேட்டரிங் சாப்பாட்டுக்கு 150 வெள்ளி வைத்தால், பேசிக்கில் மிச்சம் 284. அதில் அசலுக்கு மாதம் 200 வெள்ளி ஒதுக்கினாலும், மூன்று லட்சம் அடைய ஏறக்குறைய இரண்டு வருஷம். பெர்மிட்டும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் இரண்டு வருஷம்தான். நடுவில் அடிபட்டாலோ, கம்பெனி அனுப்பிவிட்டாலோ, கடன் அப்படியே ஊரில் நிற்கும். இந்த நாலு வரிக் கணக்கை வீட்டுத் திண்ணையில் அப்பா, அம்மா, மனைவி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை வைத்து வாங்குங்கள். 36 சதவீதத்தை எந்த பேசிக்கும் தாங்காது.

அந்த மூன்று லட்சம் எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி, ஒரு வருஷ வேலைக்கு ஒரு மாதச் சம்பளமும், எத்தனை வருஷமானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளமும் மட்டுமே தொழிலாளியிடம் வாங்கலாம். நம் கணக்கில் 1,144 வெள்ளி, சுமார் 74,000 ரூபாய். முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டால், ஏஜென்சி அதில் பாதியையாவது திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்டுக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இரண்டையும் கூட்டினால் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டவில்லை. ஸ்கில் பயிற்சியும் டிக்கெட்டும் தனி. அதற்கு மேல் கேட்கிறவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் வாங்கும் பணம், ஊருக்கு ஊர் நிற்கும் சப் ஏஜென்ட் கைக்கோ, வேலை தருவதற்கென்று முதலாளி பக்கம் வாங்கும் லஞ்சத்துக்கோ போகிற பணம். வேலை கொடுக்கத் தொழிலாளியிடம் முதலாளி காசு வாங்குவது இங்கே குற்றம்: 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை. ஆளுக்காக அரசுக்குக் கட்டும் லெவியும், பிணையாகத் தரும் 5,000 வெள்ளி பாண்டும் முதலாளியின் செலவு. அவற்றை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

நூறு வருஷத்துக்கு முன்னால், இதே சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட் வட்டிக்கடைக் கிட்டங்கிகளுக்குச் செட்டிநாட்டிலிருந்து ஏஜென்டாக வந்தவர்கள், மூன்று வருஷத்துக்குச் சம்பளம் பேசி எழுதிக்கொண்டு, அதில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். வேலைக்குப் போகிறவர் அன்று வாங்கிக்கொண்டு கிளம்பினார். இன்று கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். இந்தத் தலைகீழை நாம் சாதாரணமாக எடுத்துக்கொண்டுவிட்டதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கான பாஸ்போர்ட்டோடு வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போனால், இந்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். அந்த நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. ஆகவே, கிளம்பும் முன் உங்கள் தாளை எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டியது நீங்கள்தான். கடிதம் உண்மையா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

வந்து இறங்கிய பிறகு: பாஸ்போர்ட் உங்களிடமே இருக்க வேண்டும். சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள், ஓடி பதினாலு நாளுக்குள் வர வேண்டும். டார்மில், அதாவது தொழிலாளர் விடுதியில், தங்குகிறவருக்கு 2020 ஜூலையிலிருந்து சம்பளம் வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். பே ஸ்லிப் கட்டாயம். தினம் எத்தனை மணிக்கு வேலைக்கு ஏறினோம், எத்தனை மணிக்கு இறங்கினோம் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பாடு சம்பளத் தகராறு வந்தால், அந்த நோட்டும் ஐபிஏயும்தான் உங்கள் பக்கம் பேசும். ஏடிஎம் கார்டையும், அரசு இணையச் சேவைகளுக்கு நுழையும் சிங்பாஸையும் எவ்வளவு நெருங்கிய சிநேகிதர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஊருக்குப் பணம் போடுவது பற்றிக் கொஞ்சம். சிராங்கூன் சாலையிலும் முஸ்தபா பக்கமும் உரிமம் உள்ள கடைகள் இருக்கின்றன. 2023 பிப்ரவரியிலிருந்து பேநவ், யுபிஐ இணைப்பில் போனிலேயே அனுப்பவும் முடிகிறது. ரேட்டை மட்டும் பார்க்காமல், கட்டணம் போக வீட்டில் எவ்வளவு ரூபாய் விழும் என்று கேட்டு ஒப்பிடுங்கள். அதைவிட முக்கியம், யார் கணக்கில் போடுகிறீர்கள் என்பது. பெர்மிட்காரருக்கு இங்கே மசேநிதி, அதாவது இந்த நாட்டு பிஎஃப், கிடையாது. உங்களுக்காக யாரும் எடுத்து வைப்பதில்லை. மொத்தச் சம்பளத்தையும் வீட்டுக் கணக்கில் போட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து வெறுங்கையோடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரும் மோசம் செய்யவில்லை. கல்யாணம், காதுகுத்து, வைத்தியம் என்று கரைந்துபோனது. உங்கள் பெயரில் வெளிநாடு வாழ் இந்தியருக்கான ஓர் என்ஆர்இ கணக்குத் திறந்து, மாதம் 50 வெள்ளியானாலும் முதலில் அதில் போடுங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஏற்கெனவே ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும் என்பது விதி.

கம்பெனி மாறுவது பற்றியும் ஒன்று: கட்டுமான வேலைக்காரர்கள், பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். இது தெரியாமல் ஊருக்குப் போய், மறுபடி கட்டணம் கட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சம்பளம் வராவிட்டால், வேலையில் இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள்ளும், வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்குள்ளும் டாடம் என்ற வேலைத் தகராறு தீர்க்கும் அமைப்பில் புகார் கொடுக்க வேண்டும். வேலையில் அடிபட்டால், யார் தவறானாலும் இழப்பீடு கேட்கலாம். அதற்கு ஒரு வருஷம் அவகாசம். எதுவும் புரியவில்லையா, வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போன் போடுங்கள்: 6536 2692. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இந்த எண்ணை ஐபிஏயின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.