எட்டு கிலோமீட்டர் சரி... எங்க தெரு என்னாச்சு?

'டாக்டர் தினமும் நடக்கச் சொல்றார். எங்கே சார் நடக்கறது?'

சர்க்கரையோ பிரஷரோ எட்டிப் பார்த்த எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி இது. உங்க வீட்டிலும் கேட்டிருக்கும்!

நம்மை நடக்க வைக்கிற விஷயத்தில் அரசாங்கங்களும் சும்மா இல்லை. 2019 ஆகஸ்ட் 29-ம் தேதி, தேசிய விளையாட்டு தினத்தன்று, மத்திய அரசு 'ஃபிட் இந்தியா' இயக்கத்தைத் தொடங்கியது. 2023 நவம்பர் 4-ம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தமிழக அரசு களமிறங்கியது. 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டருக்கு நடைபாதை. சென்னையில் பெசன்ட் நகர்.

நல்ல விஷயம்தான். ஆனால், தொடக்க விழாவுக்கு வந்த கூட்டத்தை வைத்து ஒரு திட்டத்துக்கு மார்க் போட முடியாது. ஏற்கெனவே நடக்கிறவர் இடம் மாற்றி நடந்தால் அது லாபமில்லை. சோபாவை விட்டு எழுந்திருக்காதவர் எழுந்தாரா? அதுதான் பரீட்சை!

2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். 2022 நிலவரப்படி, இந்தியாவில் பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதுமான உடலுழைப்பு கிடையாது. ஆண்களில் 42 சதவிகிதம். பெண்களில் 57!

'நாள் பூரா அடுப்படியில நிக்கறேனே, அது கணக்கில்லையா?' என்று கேட்கிறீர்களா? வீட்டு வேலையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆனால், மூச்சு கொஞ்சம் வேகமாகிற வேலைதான் சேர்த்தி. நின்றால் கால் வலிக்கும், இதயத்துக்குப் பயிற்சி கிடைக்காது.

தமிழகத் திட்டம் வருவதற்கு முந்தைய கணக்கு இது. இனி வரும் கணக்கில் அந்த 57 குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை நீங்களே மார்க் போட மூன்று கேள்விகள்...

1. வீட்டிலிருந்து நடந்தே போக முடியுமா?

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம். அதாவது, தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். சுமார் இரண்டரை கிலோமீட்டர் போதும். அதற்கு ஸ்கூட்டரில் ஏறிப் போகணும்னா எத்தனை நாளைக்குப் போவீர்கள்? வாசலில் இறங்கினால் நடக்க முடியணும். சென்னை மாநகராட்சி 2014-லேயே இதற்கு ஒரு கொள்கை வகுத்தது. 2018-க்குள் 80 சதவிகிதத் தெருக்களில் பிளாட்பாரம் என்பது அதன் இலக்கு. 2018 போயே போச்சு. உங்க தெருவில் பிளாட்பாரம் இருக்கா? அதன் மேல் பைக் நிற்கிறதா, மனுஷன் நடக்கிறானா?

2. பெண்கள் வருகிறார்களா?

காலை ஐந்தரை டு ஏழரை... இல்லத்தரசிக்கு டிபன், லஞ்ச் பாக்ஸ் நேரம். அவர் வெளியே வர முடிவது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். அப்போது தெருவிளக்கு எரியணும். சுத்தமான கழிப்பறை இருக்கணும். நாய்த் தொல்லை இருக்கக் கூடாது. இதெல்லாம் இல்லாமல் 'நடங்கம்மா' என்றால் எப்படி?

3. யாராவது எண்ணுகிறார்களா?

கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1974 முதல் ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலை ஏழு முதல் மதியம் இரண்டு வரை முக்கிய சாலைகளில் கார்களுக்குத் தடை. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான் அனுமதி! அதோடு விடவில்லை. வருகிறவர்களை எண்ணி, செலவையும் கணக்குப் பார்த்தார்கள். ஒரு டாலர் செலவுக்கு மூன்று டாலருக்கு மேல் மருத்துவச் செலவு மிச்சம் என்று 2012-ல் வந்த ஆய்வு சொன்னது. திட்டம் இன்றும் ஓடுகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு உங்க தெருவில் கால் மணி நேரம் போய், கால் மணி நேரம் திரும்பி வாருங்கள். (நெஞ்சுவலி, மூட்டுவலி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.) எங்கெல்லாம் ரோட்டில் இறங்க வேண்டி வந்தது, எந்த விளக்கு எரியவில்லை என்று ஒரு தாளில் குறியுங்கள். அதையே மனுவாக எழுதி வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரு மாதம் கழித்து அதே தாளோடு மறுபடி நடந்து பாருங்கள். எத்தனை சரியாகியிருக்கிறதோ, அத்தனை மார்க்!