பெயரைச் சொல்லும் உரிமை அவளுடையது

2017 பிப்ரவரி 17 இரவு, கொச்சி அருகே ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அடுத்த நாளே பல ஊடகங்கள் அவர் பெயரையும் படத்தையும் போட்டன. ஊரறிந்த முகம்தானே என்பது சாக்கு. 2022 ஜனவரியில் அவரே தன் சமூக ஊடகப் பக்கத்தில் அந்த வேதனையை எழுதினார். ஊடகங்கள் செய்தது குற்றம், அவரே எழுதியது அவர் உரிமை. புகழ் இந்த வேறுபாட்டை அழித்துவிடாது.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு. பத்திரிகையாளருக்கு மட்டும் என்று அதில் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் படத்தைத் தள்ளிவிடுபவரும் யோசிக்க வேண்டும். குழந்தையானால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு முகவரி, பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் எதையும் வெளியிடுவதைத் தடுக்கிறது.

நம் தூத்துக்குடிக் கடற்கரைக்கு இதுதான் முக்கியம். புன்னைக்காயலிலோ மணப்பாட்டிலோ ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் பெயரே தேவையில்லை. அப்பாவின் வள்ளம், கோயில் தெரு, படிக்கும் வகுப்பு என மூன்றை எழுதினால் போதும், மீன் ஏலம் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்ற குறிப்பு அங்கே யாரையும் காப்பாற்றாது.

2012 டிசம்பரில் நம் மாவட்டத்தில் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்டபோது அவள் பெயர் செய்திகளில் தாராளமாக வந்தது. போக்சோ அமலுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இறந்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு, நீதி கேட்டுப் போராடுவது பெயரை வெளியிடக் காரணமாகாது என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

காவல்துறையிலிருந்தும் கசியலாம். 2024 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியானது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்படி அடையாளம் வெளியானால் முதலில் இணைப்பு, தேதியோடு திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். ஆசிரியருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அச்சிதழ் என்றால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கும் எழுதலாம். அந்தரங்கப் படமோ ஒட்டுவேலைப் படமோ பரவினால், புகார் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் சமூக ஊடக நிறுவனம் நீக்கியாக வேண்டும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம்: மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக உதவும்.