வீட்டு முயலுக்கு ஏற்ற கூடு

கமக்காரர் வீடுகளிற் பிள்ளைகளின் விருப்பத்திற்காக முயல் வளர்ப்பது பலவிடங்களிலும் காணப்படும் வழக்கமாகும். அயலவரிடமிருந்தோ சந்தையிலிருந்தோ ஒரு சோடிக் குட்டிகள் கொண்டுவரப்படுகின்றன. பழைய சாமான் பெட்டியொன்றின் முகப்பிற் கம்பிவலை அடித்து அது கூடாக்கப்படுகின்றது. சில கிழமைகளுள் ஒன்று நாய்க்கு இரையாகின்றது. மற்றது நண்பகல் வெயிலில் மூச்சிரைத்து மடிகின்றது. முயல் இந்நாட்டுக்கு ஒவ்வாத பிராணி என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். இவ்வாறு இறக்கும் முயல்களைக் கொல்வது நாடன்று, கூடே. நல்ல கூட்டில், முறையான உணவுடன் வளரும் முயல் 8 ஆண்டு தொடக்கம் 10 ஆண்டு வரை உயிர்வாழும்.

வீட்டு முயலும் நம் பற்றைக் காடுகளில் ஓடும் முயலும் ஒன்றெனப் பலர் எண்ணுவர். அவை வெவ்வேறு சாதியின. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லிடையே பதுங்கி வாழும். அதன் குட்டிகள் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். வீட்டு முயலின் மூதாதையரோ ஐரோப்பாவின் தென்மேற்குப் பகுதியில் நிலத்தின் கீழ் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. அவற்றின் குட்டிகள் மயிரின்றியும் கண் மூடியும் பிறக்கும். இவ்வேற்றுமையை அறிந்தால் கூட்டின் தேவைகள் தாமே விளங்கும். வளையினுள் வெப்பம் மாறாது, இருள் இருக்கும், பகை அணுகாது. இம்மூன்றையும் நிலத்தின் மேல் அமைத்துக் கொடுப்பதே கூடு கட்டுவோனின் வேலை.

மூன்றனுள் வெப்பமே முதன்மையானது. முயலுக்கு வியர்ப்பதில்லை. உடற் சூட்டை அது பெரும்பாலும் செவிகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே வெளியேற்றுகின்றது. 15 பாகை தொடக்கம் 21 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பமே அதற்கு உகந்தது. 30 பாகைக்கு மேற் சென்றால் அது வருந்தத் தொடங்கும். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு போன்ற வரண்ட பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதியிலும் நண்பகல் வெப்பம் இந்த எல்லையைக் கடப்பதாகும். ஆதலால் இங்கே கூட்டின் அழகைவிட அது நிற்கும் இடமே முயலின் உயிரைத் தீர்மானிக்கின்றது.

மா, வேம்பு போன்ற அடர்ந்த நிழல் தரும் மரத்தின் கீழ் கூட்டை வைத்தல் சிறந்தது. தென்னையின் கீழும் பனையின் கீழும் வைத்தலாகாது. காயோ மட்டையோ விழுந்தாற் கூரை தாங்காது. கூட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக அமைதல் வேண்டும். அப்பொழுது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய இரு முனைகளிலேயே படும். அம்முனைகளைப் பலகையால் முற்றாக அடைத்துவிடலாம். முகப்பு தெற்கு நோக்கியிருக்க, கூரை ஒன்றரை அடி முன்னே நீண்டிருப்பின் உச்சி வெயில் உட்புகாது. மார்கழியில் ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்வதால் சிறிது வெயில் உள்ளே விழும்; அக்குளிர்நாளில் அது நன்மையே. வட பக்கத்தின் கீழ்ப் பாதி பலகையாகவும் மேற் பாதி வலையாகவும் இருந்தாற் காற்று தடையின்றி ஊடறுத்துச் செல்லும். பெரும்போக மழை வாடைக் காற்றுடன் வீசும் மாதங்களில் அம்மேற் பாதியை மூடுவதற்குக் கிடுகுத் தட்டியொன்று சுருட்டித் தொங்கவிடப்பட்டிருத்தல் வேண்டும். கீழ் மாகாணத்திற் கச்சான் வீசும் நாட்களில் அத்தகைய தட்டியை மேற்குப் புறத்திற் கட்டி, நண்பகலில் நீர் தெளித்து நனைத்து வைத்தாற் கூட்டினுட் சூடு தணியும்.

கூரைக்குக் கிடுகோ பனையோலையோ போதும். தகரம் மழைக்கு உறுதியானதே. ஆயினும் வெயிலில் அது அடுப்பின் மேல் வைத்த தட்டுப் போலாகிவிடும். தகரந்தான் கையிலுண்டெனில் அதன் மேற் கிடுகு இரண்டு வரிசை வேய்ந்து கொள்ளல் வேண்டும். எவ்வளவு பார்த்தும் சில நாட்களில் முயல் நீட்டிப் படுத்து, விரைந்து மூச்சு வாங்கி, மூக்கோரம் ஈரமாகிக் காணப்படலாம். அது ஆபத்தின் அடையாளம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியாற் செவிகளை மெதுவாக ஒற்றி, முயலை வீட்டினுள் நிழலான தரைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். முயலை நீரில் அமிழ்த்துவது அதிர்ச்சியாற் கொல்லும். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடாயின், நீரை உறையவைத்த போத்தலொன்றைச் சாக்கிற் சுற்றிக் கூட்டினுள் வைத்தால் முயல் தானே அதனருகிற் சென்று படுத்துக்கொள்ளும்.

கூட்டின் அளவு

முற்காலத்தில் மூன்றடி நீளமான பெட்டி போதுமென்று கருதப்பட்டது. அதனுள் முயல் உயிரோடிருக்கும். ஆனால் ஓடவோ பின்காலில் நிமிர்ந்து நிற்கவோ அதனால் இயலாது. அசையாத முயலின் எலும்பு மெலியும், குடல் மந்தமாகும். மூன்று பாய்ச்சல் தொடர்ந்து செல்ல ஆறடி நீளமும், திரும்புவதற்கு இரண்டரை அடி அகலமும், செவி நிமிர்த்தி நிற்க இரண்டரை அடி உயரமும் ஒன்று அல்லது இரண்டு முயல்களுக்கு வேண்டும். இது குறைந்த அளவேயாகும். இதற்கு மேலும் நாள்தோறும் சில மணி நேரம் வெளியே ஓடவிடுதல் அவசியம். நீளத்தில் ஏறக்குறைய இரண்டடியை நாற்புறமும் பலகையால் அடைத்து, உட்செல்ல ஒரு துவாரம் மட்டும் விட்டால் அதுவே முயலின் வளையாகும். நாய் குரைக்கும்போதும் இடி முழங்கும்போதும் ஒளிந்துகொள்ள இடமில்லாத முயல் கூட்டினுள் வெறிகொண்டு பாய்ந்து, தன் பின்கால்களின் வலிமையாலேயே முதுகெலும்பை முறித்துக்கொள்வதுமுண்டு.

தளம்

கூடுகளிற் பெரும்பாலும் பிழையாக அமைவது தளமே. சிலர் சுத்தம் கருதி முழுத் தளத்தையும் கம்பிவலையாற் செய்கின்றனர். நாய்க்கும் பூனைக்கும் உள்ளது போன்ற மெத்தென்ற பாதத் தோல் முயலுக்கு இல்லை; அடர்ந்த மயிரே அதன் பாதத்தைக் காக்கின்றது. ஓயாது கம்பியின் மேலிருந்தால் மயிர் தேய்ந்து, குதிக்கால் புண்ணாகிச் சீழ் கொள்ளும். வேறு சிலர் முழுவதும் பலகை அடிப்பர். அதிற் சிறுநீர் ஊறி நாறும். அந்நாற்றத்திலுள்ள காரம் முயலின் கண்ணையும் மூச்சுக் குழலையும் அரித்து நோய்க்கு வழிவிடும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி கமுகஞ் சலாகையாகும். ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை அகலமுள்ள சலாகைகளை நன்கு சீவி, சிராய் இல்லாது மழமழப்பாக்கி, அரை அங்குல இடைவெளி விட்டுச் சட்டத்தில் அறைதல் வேண்டும். பிழுக்கையும் சிறுநீரும் கீழே விழும், கால் அகப்படாது. மூங்கிலும் உதவும், எனினும் பிளந்த மூங்கிலின் ஓரம் கத்தி போன்றது, ஒவ்வொரு சலாகையாகத் தடவிப் பார்த்தே பொருத்தல் வேண்டும். அடைத்த அறையின் தளம் மட்டும் பலகையாக இருக்கட்டும். அதில் உலர்ந்த வைக்கோல் பரப்பலாம். பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் தூசு மிகுந்த பதரும் ஆகா.

சலாகைச் சட்டத்தை ஆணியாற் கூட்டுடன் இறுக்காது, இழுத்தெடுக்கத் தக்கதாக இரண்டு செய்து வைத்துக்கொள்வது கெட்டித்தனம். ஒன்று கூட்டிலிருக்கும்போது மற்றது கழுவி வெயிலிற் காயும்.

வலையும் கதவும்

நாய், மரநாய், கீரி, பூனை, எலி, சாரைப்பாம்பு என்பன யாவும் முயலைத் தேடி வரும். பகலிற் காகமும் குட்டிகளை விடுவதில்லை. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய வலை கோழியை உள்ளே வைத்திருக்குமேயன்றி நாயை வெளியே வைத்திருக்காது. பசித்த நாய் அதைப் பல்லாற் கிழித்துவிடும். அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள தடித்த கம்பிவலையே ஏற்றது. விலை சற்று அதிகமாயினும் ஒரு முறை வாங்கினாற் போதும். வலையைச் சட்டத்தின் உட்புறத்தில் அடித்தல் வேண்டும். வெளிப்புறத்தில் அடித்தால் முயல் மரச் சட்டத்தைக் கறம்பித் தின்று வழி செய்துகொள்ளும். அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. கறம்புதல் அதன் குறும்பன்று, தேவையாகும். வெட்டிய கம்பி முனைகள் முயலைக் கீறாதபடி வெளிப்புறம் மடிக்கப்படல் வேண்டும். தார் பூசிய மரத்தையும் பழைய வர்ணம் பூசிய பலகையையும் கூட்டுக்குப் பயன்படுத்துதல் நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும்.

கதவு, முயலை இரு கைகளாலும் தாங்கி எடுக்கத் தக்க அகலமுள்ளதாக இருக்கட்டும். ஒடுங்கிய வாயிலுள்ள கூட்டிலேதான் பிள்ளைகள் முயலைச் செவியிற் பிடித்து இழுக்கின்றனர். ஒற்றைக் கொளுக்கியை நாய் மூக்கால் தள்ளித் திறந்துவிடும். மேலும் கீழும் இரு தாழ்ப்பாள்கள் வேண்டும்.

கூட்டின் கால்கள் மூன்றடி உயரமாக இருந்தால் மழை நீர் தெறிக்காது, கீழே கூட்டிப் பெருக்குவதும் எளிது. எலி ஏறாதபடி ஒவ்வொரு காலின் மேற்புறத்திலும் தகரத்தைக் குடை போல வளைத்துப் பொருத்தலாம். எறும்புக்காகக் கால்களை நீர்ப் பேணியில் நிறுத்துவது பழைய வழக்கம். இன்று அது தகாது. அந்நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பெருகும். கழிவெண்ணெயில் தோய்த்த துணியைக் காலைச் சுற்றி, முயலின் வாய்க்கு எட்டாத இடத்திற் கட்டுதலே நன்று.

உள்ளே வேண்டியன சில. புல்லைத் தளத்திற் போடாது சுவரில் அமைத்த சலாகைத் தாங்கியில் வைத்தால் அது மிதிபட்டு அழுக்காகாது. நீருக்குப் பாரமான மண்சட்டி வேண்டும். இலேசான பாத்திரத்தை முயல் கவிழ்த்துவிட்டு வெயில் நாளிற் தாகத்தாற் தவிக்கும். கறம்புவதற்கு மருந்து படாத மாமரக் கொப்பொன்று போதும். தோட்டத்திற் கழிக்கப்படும் இலைகளெல்லாம் முயலுக்கு உணவென எண்ணுதல் தவறு. வெங்காயத் தாள், தக்காளி இலை, உருளைக்கிழங்கு இலை என்பன தீங்கானவை. வற்றாளைக் கொடி நல்லது. களைகொல்லியோ பூச்சிநாசினியோ தெளித்த வரம்பிலிருந்து ஒரு பிடி புல்லும் கொண்டுவரலாகாது.

வெளியே ஓடவிடும் அடைப்பு

முற்றத்திற் சிறு வேலியடைத்து விடும்போது முயல் தோண்டும் என்பதை மறத்தலாகாது. வேலியின் வலையை ஓரடி ஆழம் நிலத்திற் புதைத்தல் வேண்டும். மேலே பழைய மீன்வலையேனும் விரிக்கப்பட, ஆளொருவர் அருகில் இருக்கட்டும். முயல் தப்பி ஓடினால் முதலில் அழிவது அயற் தோட்டத்துப் பயிராகும். 1859 ஆம் ஆண்டில் அவுசுதிரேலியாவின் விக்டோரியாவில் வேட்டைக்கென ஒருவர் விடுவித்த சில முயல்கள் பெருகி, அந்நாட்டுப் பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் அழித்த கதை கமக்காரர் அறிந்திருக்க வேண்டியதொன்று.

ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டில் வைத்தால் அடுத்த சிக்கல் கூட்டுக்குள்ளேயே பிறக்கும். நான்கு மாதத்திலேயே சில முயல்கள் பருவமடையும். ஏறக்குறைய 31 நாளில் குட்டிகள் பிறக்கும். ஈன்ற அன்றே தாய் மீண்டும் சினைப்படக்கூடும். இரு ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஆதலாற் குட்டிகள் வேண்டாத வீட்டார் ஒரே ஈற்றிற் பிறந்த இரு பெண்களை வளர்ப்பதே வசதியாகும். குட்டிகள் வேண்டுமெனின் சினைப்பட்ட 28 ஆம் நாளில், ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பெட்டியொன்றில் வைக்கோலிட்டு அடைத்த அறையில் வைத்தல் வேண்டும். தாய் தன் மார்பு மயிரைப் பிடுங்கி அதில் மெத்தையிடும். பின்னர் அது நாளுக்கு ஓரிரு முறை மட்டுமே பாலூட்டச் செல்லும். குட்டிகளைக் கைவிட்டதென எண்ணிப் பெட்டியை அடிக்கடி கிளறுதல் கூடாது.

நனைந்த வைக்கோலை நாள்தோறும் அகற்றல் வேண்டும். அழுக்குப் படிந்த மயிரில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளிற் புழு தோன்றி முயலை அரித்துவிடும். கிழமைக்கொரு முறை சலாகைச் சட்டத்தை மாற்றி, எடுத்ததைக் கொதிநீரூற்றித் தேய்த்துக் கழுவுக. குட்டிகளைக் கொல்லும் கழிச்சல் நோயின் வித்துக்கள் ஈரத்தில் நீண்ட காலம் வாழ்வன. ஆதலால் சட்டம் கடும் வெயிலில் நன்கு காய்ந்த பின்னரே மீண்டும் கூட்டுக்குட் செல்லல் வேண்டும். கூட்டின் கீழ் உமி பரப்பி வைத்தாற் சிறுநீரும் பிழுக்கையும் அதிற் சேரும். அதனை வாரிக் கூட்டெருக் குழியில் இட்டு மக்கவைத்துக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்குப் பயன்படுத்தலாம்.