காசு கோலத்துக்கா, கூருக்கா?

'கையால் அடித்த டமாஸ்கஸ் கத்தி' என்று இணையக் கடைகளில் விற்கிறார்களே, கேட்கிற விலைக்கு அது தகுமா என்று வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கூடவே விளம்பரப் படம் ஒன்றும் அனுப்பியிருக்கிறார். அலகு முழுக்க நெளிநெளியாக வரிகள், எலும்பில் செதுக்கிய பிடி, தோல் உறை. 'நூற்றுக்கணக்கான அடுக்குகள்', 'பண்டைய ரகசியம்', 'தலைமுறை தாண்டி உழைக்கும்' என்று வாசகங்கள். என்ன எஃகு, எவ்வளவு கடினம் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

கையால் செய்த கத்திக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பதில் தவறே கிடையாது. தேர்ந்த கைவினைஞரின் கத்தி, ஆலைக் கத்தியால் தர முடியாத ஒன்றைத் தரும். ஆனால் அது வரிகளிலோ பிடியிலோ சம்மட்டித் தழும்புகளிலோ இல்லை. உலையில் சிவந்த அலகை எண்ணெயில் இறக்குகிறார்களே, அந்த ஓரிரு நொடியில் இருக்கிறது. நம் கொல்லர்கள் அதைத் தோய்ச்சல் என்பார்கள். அந்த நொடியில் எஃகுக்குள் நடப்பதைப் போல் அழகான காரியம் உலோகவியலில் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம்.

அறை வெப்பத்தில் இரும்பு அணுக்கள் கனசதுரங்களாக அணிவகுத்து நிற்கின்றன. மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. எஃகை 727 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால் இந்த அணிவகுப்பு கலைகிறது. நடுவில் இருந்த அணு போய், கனசதுரத்தின் ஆறு முகங்களிலும் ஆளுக்கொன்றாக அணுக்கள் வந்து நிற்கின்றன. இந்தப் புதிய அமைப்பு பழையதைவிட நெருக்கமானது. பழையதில் மொத்த இடத்தில் 68 சதவீதத்தை அணுக்கள் அடைத்திருந்தன. புதியதில் 74 சதவீதம். அப்படியானால் கார்பன் நுழைவதற்குப் பழைய அமைப்பில்தானே இடம் அதிகம்? அங்கேதான் வேடிக்கை. பழையதில் காலியிடம் அதிகம், ஆனால் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. புதியதில் காலியிடம் குறைவு, ஆனால் கார்பன் தங்கும் பொந்து பெரிது. எனவே சூடான அமைப்பு 2 சதவீதம் வரை கார்பனைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. குளிர்ந்த அமைப்போ 0.02 சதவீதத்தையும் தாங்காது. கத்தி எஃகில் இருப்பதோ அரை சதவீதம் முதல் ஒன்று, ஒன்றரை சதவீதம் வரை. குளிரும்போது இந்தக் கார்பன் எங்கே போகும்?

கல்யாண மண்டபத்தில் பந்தி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இரும்பு அணுக்கள். நாற்காலிச் சந்துகளில் புகுந்து விளையாடும் பிள்ளைகள் கார்பன். வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்று மண்டபக்காரர் வந்து சொல்கிறார். நிதானமாகச் சொன்னால் பிள்ளைகள் சந்துகளிலிருந்து வெளியே வந்து, ஐஸ்கிரீம் மேசையோரம் கும்பலாகக் கூடிவிடுவார்கள். பெரியவர்கள் தாராளமாக அமர்வார்கள். ஓரத்தில் இருப்பவர் லேசாகத் தள்ளினாலும் வரிசை முழுவதும் வழுக்கி நகரும். மெல்லக் குளிர்ந்த எஃகு இப்படிப்பட்டது. கார்பன் தனிப் பட்டைகளாக ஒதுங்கிவிட, இடையே மெத்தென்ற இரும்பு. வளைத்தால் வளையும், நறுக்கினால் மழுங்கும்.

அதே மண்டபக்காரர் கண் இமைப்பதற்குள் வரிசையை மாற்றிவிட்டால்? பிள்ளைகளுக்கு வெளியேற நேரமில்லை. இந்த மாமாவின் முழங்கைக்கும் அந்தப் பெரியப்பாவின் இடுப்புக்கும் நடுவில் அப்படியே மாட்டிக்கொள்கிறார்கள். சீராக இருக்க வேண்டிய வரிசை ஒரு பக்கமாக உப்புகிறது. ஒருவர் நகர்ந்தால் பிள்ளையின் கால் மிதிபடும் என்பதால் யாரும் அசைவதில்லை. ரசம் ஊற்ற வருபவருக்குக்கூட வழி கிடையாது. எஃகின் கடினம் என்பது இந்த அசைய முடியாமைதான். இப்படிக் கார்பன் சிறைப்பட்டு, ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கும் அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக வைத்தது. இது உருவாகும்போது அணுக்கள் இடம் தேடி அலைவதில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே வெட்டாகச் சாய்கின்றன. அந்தச் சாய்வு எஃகுக்குள் ஏறத்தாழ ஒலியின் வேகத்தில் பாய்கிறது.

ஆனால் அதுவரை கார்பன் தப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1095 என்று அழைக்கப்படும், 0.95 சதவீதக் கார்பன் கொண்ட எளிய எஃகை எடுத்துக்கொள்வோம். சுமார் 800 டிகிரியிலிருந்து 540 டிகிரிக்குக் கீழே அதை இறக்க ஏறக்குறைய ஒரு நொடிதான் அவகாசம். தாமதித்தால் கார்பன் ஒதுங்கத் தொடங்கிவிடும். அந்த எல்லையைத் தாண்டியபின் அவசரமில்லை. மார்ட்டென்சைட் பிறப்பது 200 டிகிரியை ஒட்டி. எண்ணெயின் தடிமனும் சூடும் அலகை இறக்கும் கோணமும் கணக்கில் வருவது இதனால்தான். தண்ணீரில் தோய்த்தால் வேகம் கிடைக்கும், அலகு விரிசல் விடும் ஆபத்தும் கூடும். மார்ட்டென்சைட் ஆகும்போது எஃகு பருக்கிறது என்பதே காரணம். ஜப்பானிய வாள் செய்பவர்கள் இந்தப் பருத்தலையே வேலை வாங்குகிறார்கள். முதுகுப் பக்கம் களிமண்ணைத் தடிமனாகவும் கூர்ப் பக்கம் மெலிதாகவும் பூசித் தண்ணீரில் இறக்குகிறார்கள். கூர்ப் பக்கம் சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட்டாகிப் பருக்க, மெல்லக் குளிரும் முதுகு பின்தங்க, வாள் தானாக வளைகிறது. அந்த வாளின் வளைவில் பெரும்பங்கு தண்ணீருக்குள்தான் பிறக்கிறது.

தோய்த்து எடுத்த அலகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் 65 வரை போகும். அந்த நிலையில் கீழே விழுந்தாலே உடையக்கூடும். அதனால் 200 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். மாட்டிக்கொண்ட பிள்ளைகளில் சிலர் இப்போது மெல்ல நழுவி வெளியேறுவார்கள். வரிசையின் இறுக்கம் கொஞ்சம் தளரும். கடினம் நான்கைந்து புள்ளி குறைந்து, உடையாத உறுதி கூடும். இங்கே அவசரப்படும் கொல்லரின் கத்தி சில்லு சில்லாக உதிரும். சூட்டைக் கூட்டிவிடுபவரின் கத்தி வாரம் ஒருமுறை சாணைக்குப் போகும்.

சூடேற்றும்போது இன்னொரு கண்ணி உண்டு. 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். வெப்பமானி இல்லாத பட்டறையில் ஒரு காந்தத்தைத் தொட்டுப் பார்த்தே பக்குவம் அறிவார்கள். ஒட்டாமல் போனபின் இன்னும் சிறிது சூடு, அவ்வளவே. 'நன்றாகக் காயட்டும்' என்று ஆயிரம் டிகிரிக்கு விட்டால் எஃகின் படிக மணிகள் பெருத்துவிடும். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்: நல்ல எஃகின் முறிவு மங்கிய சாம்பல் நிறத்தில் நுண்மையாக இருக்கும், கெட்டதில் மணிகள் பளபளக்கும். வாங்குகிறவர் உடைத்துப் பார்க்க முடியாது. செய்கிறவர் ஒவ்வொரு புது எஃகிலும் துண்டு ஒன்றைத் தோய்த்து உடைத்துப் பார்க்கிறாரா என்று கேட்கலாம்.

இப்போது விளம்பரங்களுக்கு வருவோம். 'அடித்து அடித்து இறுக்கிய எஃகு' என்கிறார்கள். திட உலோகம் சம்மட்டியடியால் நெருங்கிவிடாது. அடியில் ஏதாவது மாறியிருந்தாலும், பிறகு 800 டிகிரிக்குச் சூடேற்றும்போது அணிவகுப்பு முழுவதும் புதிதாக அமைகிறது. அடிப்பது வடிவம் கொடுக்க. எஃகுப் பட்டையை வெட்டித் தேய்த்துச் செய்த கத்தி, சரியாகத் தோய்க்கப்பட்டிருந்தால், அடித்த கத்திக்கு இம்மியும் குறைந்ததில்லை. அமெரிக்காவின் பெயர்பெற்ற கத்திக் கலைஞர் பாப் லவ்லெஸ் புகழடைந்தது தேய்த்துச் செய்யும் முறையில்தான்.

'கடின அடுக்கும் மென்மையான அடுக்கும் மாறி மாறி வருவதால் நுண்ணிய ரம்பமாக வெட்டும்' என்பது அடுத்த வாசகம். இன்றைய டமாஸ்கஸ் என்பது இரண்டு வகை எஃகை அடுக்கி, உலைச்சூட்டில் ஒட்டவைத்து, மடித்து மடித்துச் செய்வது. அந்தச் சூட்டில் சிறிய கார்பன் அணுக்கள் அடுக்கு விட்டு அடுக்கு தாவி, இரு பக்கமும் ஏறத்தாழ சமமாகிவிடுகின்றன. கடினத்தைத் தருவது கார்பன். அதுவே சமமான பிறகு கடின அடுக்கு எது, மென் அடுக்கு எது? நகராமல் நிற்பது, ஒரு வகை எஃகில் மட்டும் கலந்திருக்கும் நிக்கல். முடிவில் ஃபெர்ரிக் குளோரைடில் முக்கும்போது நிக்கல் அடுக்கு வெளுப்பாகத் தப்பிக்க, மற்றது கறுக்கிறது. நாம் காணும் கோலம் அதுதான். பார்க்க அழகு; அந்த அழகுக்காக வாங்குகிறவர் தாராளமாக வாங்கலாம். வெட்டும் திறனில் அதற்குப் பங்கில்லை. '67 அடுக்கு' என்று விற்கும் சமையல் கத்திகளிலோ கோலம் பக்கவாட்டுப் போர்வை மட்டுமே. காய்கறியைத் தொடும் கூர் நடுவிலுள்ள ஒற்றை எஃகு. சில மலிவுக் கத்திகளில் அந்த அடுக்கும் கிடையாது. வெறும் எஃகின் மேல் அமிலத்தாலோ லேசராலோ வரைந்திருப்பார்கள்.

பண்டைய ரகசியம் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், அது நம் பக்கத்துச் சரக்கு என்பதால். பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கான உருக்கு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசைகளில் உருக்கி ஏற்றுமதியான உருக்கு வகையைச் சேர்ந்தது. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மூசை உருக்கின் தடயங்கள் கிடைத்துள்ளன. மைக்கேல் ஃபாரடேகூட 1819ஐ ஒட்டி அதை ஆராய்ந்தார். அதன் வரிகள் மடித்துச் செய்தவை அல்ல. தாதுவிலிருந்த வனேடியம் போன்ற கலப்புகளால், இரும்பும் கார்பனும் சேர்ந்த கார்பைடு தானாக வரிசைகட்டி உருவானவை என்று 1998இல் ஜான் வெர்ஹோவனும் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் எழுதினார்கள். 2006இல் ஒரு பழைய வாளில் கார்பன் நுண்குழாய்கள் தென்பட்டதாக ஜெர்மானிய ஆய்வாளர்கள் அறிவித்ததும், கத்தி விற்கிறவர்கள் 'நானோ' என்ற சொல்லையும் பிடித்துக்கொண்டார்கள். இணையக் கடையில் விற்கும் அடுக்குக் கத்திக்கும் அந்த உருக்குக்கும் பெயரைத் தவிர உறவில்லை.

எஃகுக்கு அடுத்தபடியாகக் காசு கொடுக்கத் தகுந்தது மெல்லிய தேய்ப்பு. கூருக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமன் என்பதுதான் கேரட்டை நறுக்குமா, பிளக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. நல்ல சமையல் கத்தியில் அது அரை மில்லிமீட்டரிலும் குறைவு. அவ்வளவு மெலிதாகத் தேய்க்க நிறைய நேரம் பிடிக்கும். கை தவறினால் சூடேறிப் பதம் போய்விடும். மெலிந்தும் மடங்காமல் நிற்க எஃகு கடினமாக இருந்தாக வேண்டும். ஆகவே மெல்லிய அலகைத் துணிந்து செய்கிறவர் தன் தோய்ச்சலை நம்புகிறவர். முரட்டுத் தடிமனும் சம்மட்டித் தழும்பும் படத்தில் கம்பீரமாகத் தெரியும், பூசணியில் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய கத்திக் கொல்லர் சங்கத்தின் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது. தேர்வுக்கு வருபவர் தான் செய்த கத்தியால், தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு கட்டுமான மரச்சட்டங்களைக் கொத்தித் துண்டாக்க வேண்டும். அதே கூரால் கையிலுள்ள மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியைப் பிடிப்பானில் மாட்டி 90 டிகிரி வளைப்பார்கள், முறியக் கூடாது. அந்தச் சோதனையில் பிடியின் மரத்தையோ வரிகளின் அழகையோ யாரும் பார்ப்பதில்லை.

நம் ஊர்க் கொல்லரிடம் இதே அறிவைக் குறைந்த விலைக்கு வாங்க வாய்ப்பிருக்கிறது. லாரி கமான் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும். அரிவாளுக்கு அது அருமையான எஃகு. மெல்லிய காய்கறிக் கத்திக்கு, பேரிங் செய்யப் பயன்படும் இ.என்.31 மேல், ஒரு சதவீதம் கார்பனும் சிறிது குரோமியமும் உண்டு, கூர் நின்று பேசும். பழைய கமான் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஒளிந்திருக்கலாம் என்பதால், புதுப் பட்டை வாங்கிச் செய்துதரச் சொல்லுங்கள். எஃகின் விலை கத்தியின் விலையில் சிறு பங்குதான். துருப்பிடிக்காத எஃகில் வேண்டும் என்று மட்டும் கரியுலைக் கொல்லரிடம் கேட்காதீர்கள். அதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் துல்லியமாக நிறுத்திவைக்கும் மின்னுலை வேண்டும். கண் பார்வையில் பிடிபடாது.

பேரம் பேசும் முன் எஃகின் பெயரையும், என்ன சூட்டில் எவ்வளவு நேரம் பதம் வைத்தார் என்பதையும் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்வியில் மகிழ்ந்துபோய் அரைமணி நேரம் பேசுவார். முடிந்தால் ஒரு பித்தளைக் கம்பியின் மேல் கூரைச் சாய்த்து அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். கூர் லேசாக வளைந்து தானே நிமிர்ந்தால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மென்மை, சில்லு தெறித்தால் மிகைக் கடினம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பிடியில் குறையுங்கள். வேம்போ பூவரசோ போதும்.

வாங்கியபின் எலுமிச்சையோ தக்காளியோ நறுக்கினால் உடனே கழுவித் துடைத்து வையுங்கள். கார்பன் எஃகு துருப்பிடிக்கும். சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால், சக்கரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே மெல்லத் தீட்டச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். விளிம்பு நீலமாக மாறினால் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். அந்த நீலத்தை முழுக்கத் தேய்த்து எடுக்கும்வரை அங்கே கூர் நிலைக்காது.